நீங்களே சொல்லிடுங்க

அண்ணிக்குச் சின்னக் குரல். சமையலறையில் பேசினால் கூடத்தில் கேட்காது. ஆனாலும் எங்கள் குவார்ட்டர்ஸில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது எல்லாம் பல வருஷம் அந்தக் குரல் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்பாவின் பெயரில் இருந்த வீடு அது. அப்பா மைன்ஸில் பர்மனென்ட். அண்ணன் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவன். நான் பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் கணக்கு எழுதிவிட்டு மாலையில் மோட்டார் சைக்கிளில் திரும்புகிறவன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மற்றபடி அண்ணியும் அண்ணனின் ஐந்து வயது மகளும்.

அப்பாவும் நானும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. சண்டை எதுவும் கிடையாது. எனக்கு மீசை முளைத்த காலத்தில் எப்போதோ பேச்சு நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே டி.வி.யைப் பார்த்துக்கொண்டு, “அவன்கிட்ட சொல்லு”, “அவர்கிட்ட கேளுங்க” என்றே காலத்தை ஓட்டினோம். அம்மா இருந்தவரை அம்மா அதைச் செய்தாள். அண்ணி கல்யாணமாகி வந்த மாதமே சமையலறையோடு சேர்ந்து அந்த வேலையும் அண்ணியின் கைக்குப் போனது. அண்ணன்கூட, ஷிப்ட் விஷயம் தவிர, அப்பாவிடம் எதையும் அண்ணியை விட்டுத்தான் சொல்லச் சொல்வான்.

அண்ணி அதை நன்றாகச் செய்தார். “மாமா உங்க சட்டை நல்லா இருக்குன்னு சொன்னாங்க தம்பி” என்பார். “காலைல நீங்க ஏன் சாப்பிடாம போயிட்டீங்கன்னு மாமா கேட்டாங்க” என்பார். நான் கல்லூரி நாளிலிருந்து டைரி எழுதுகிறவன். அன்றன்று நடந்ததை, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன். ‘அப்பாவுக்கு இன்று என் சட்டை பிடித்திருந்தது’ என்று அதில் பல இடங்களில் இருக்கிறது. அந்த வார்த்தைக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டு, ஈரம் தெளித்து, காலர் மடியாமல் இஸ்திரி போட ஆரம்பித்திருந்தேன்.

அண்ணி நெல்லிக்குப்பத்துக்காரர். பி.எஸ்ஸி. மனையியல் படித்து முடித்ததுமே கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். மனித மேம்பாடும் குடும்ப இயலும் என்று பெயர். சனி, ஞாயிறு வகுப்பு. பஸ் பிடித்துப் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவார். ‘ஹியூமன் டெவலப்மென்ட்’ என்றதை எங்கள் பிளாக்கில் யாரோ எச்.ஆர். என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டுக்கு பயோடேட்டாவாக வந்துகொண்டிருந்தது. “என் பையன் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு சும்மா இருக்கான்மா, கான்ட்ராக்ட்ல இருந்தாலும் பரவால்ல” என்று ஒரு அம்மாள் வாழைப்பழச் சீப்போடு வந்து நின்றார். இது வேலை போட்டுக் கொடுக்கும் படிப்பு இல்லை, குடும்பம் எப்படி நடக்கிறது என்று படிக்கும் படிப்பு என்று அண்ணி விளக்கினார். “அதப் போய் காசு கட்டி படிக்கணுமா? எங்க வூட்டுக்கு வா, சும்மாவே காட்றேன்” என்று அந்த அம்மாள் பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒருநாள் நான் அண்ணனிடம் கேட்டேன். “அண்ணி எதுக்குண்ணே இதப் படிக்கிறாங்க?”

“தெரியலடா. கேட்டுச் சொல்றேன்” என்றான் அண்ணன். அவன் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

இரண்டாவது வருஷம் தொடங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலிருந்து வந்த அண்ணி, எப்போதும் உடனே சேலை மாற்றுகிறவர், அன்று மாற்றாமல் கைப்பையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வகுப்பில் அவரவர் குடும்பத்தைப் படமாகப் போடச் சொன்னார்களாம். ஆளுக்கு ஒரு வட்டம். யார் யார் நேராகப் பேசிக்கொள்கிறார்களோ அவர்களுக்கு நடுவில் ஒரு கோடு. அண்ணி எனக்கு அந்தத் தாளைக் காட்டினார். அப்பாவிடமிருந்து ஒரு கோடு, அண்ணனிடமிருந்து ஒன்று, என்னிடமிருந்து ஒன்று, குழந்தையிடமிருந்தும் ஒன்று. எல்லாம் அண்ணியின் வட்டத்தில் போய் முட்டின. எங்களுக்குள் ஒரு கோடும் இல்லை; ஷிப்ட், டி.வி. மாதிரிப் பேச்சை அண்ணி கணக்கில் எடுக்கவில்லை.

“மேடம் பாத்துட்டு, இது குடும்பம் மாதிரி இல்லையேம்மா, பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கேன்னாங்க” என்றார் அண்ணி. “எல்லாரும் சிரிச்சாங்க தம்பி. நானும் சிரிச்சேன். பஸ்ல வரப்பதான் வெக்கமா போச்சு.”

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது, எல்லோர் தட்டிலும் சோறு விழுந்த பிறகு அண்ணி சொன்னார். “இனிமே யார் சொன்னதையும் யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்குங்க.”

“இன்னா, ஸ்டிரைக்கா?” என்றான் அண்ணன்.

“ஸ்டிரைக்குன்னா திரும்ப வேலைக்கு வரணும். இது ராஜினாமா.”

அப்பா அண்ணன் பக்கம் திரும்பி, “அவகிட்ட சொல்லு, படிச்சா இப்டிதான் ஆவும்னு” என்றார்.

“நான் இங்கதான் இருக்கேன் மாமா. என்கிட்டயே சொல்லுங்க” என்றார் அண்ணி. அப்பா ரசம் கேட்டார்.

அதற்குப் பிறகு அண்ணி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு செய்கைதான். யாராவது வந்து, “அவர்கிட்ட கொஞ்சம் சொல்லு” என்று ஆரம்பித்தால் அண்ணி மறுத்துப் பேச மாட்டார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்க ஆரம்பிப்பார். ஒரு பக்கம் துடைத்து, ஊதி, மறுபக்கம் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வந்தவர் தானாக எழுந்திருக்கும்வரை துடைப்பார். பிறகு போட்டுக்கொண்டு, “நீங்களே சொல்லிடுங்க” என்பார். கோபமே இருக்காது. அதுதான் எரிச்சலாக இருக்கும்.

அப்பா வேறு வழி கண்டுபிடித்தார். பேத்தியைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஓடிவந்து என் முன்னால் நின்று, பள்ளியில் பாட்டு ஒப்பிப்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள்.

“சித்தப்பா, கணக்குப்புள்ள உத்யோகத்துக்கு கஞ்சி போட்ட சட்ட ஒண்ணுதான் கொறச்சல். அத சொல்லச் சொன்னாரு தாத்தா. கொறச்சல்னா இன்னா சித்தப்பா?”

அண்ணி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். “மாமா, புள்ளைய இதுக்கு அனுப்பாதீங்க” என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார். எப்போதும்போல மெல்லிய குரல்தான். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். “அப்பா எப்பவாவது சட்டை நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காரா அண்ணி?”

அண்ணி கண்ணாடியைத் துடைக்கவில்லை. என்னைப் பார்த்தே சொன்னார். “ஒரு தடவை, நீலம் பரவால்லைன்னாங்க.”

“மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் நான்தான் தம்பி.” அடுப்பைச் சின்னதாக்கினார். “மாமாவுக்கும் அப்படித்தான். நீங்க வண்டிய தெருமுனை வரைக்கும் தள்ளிக்கினு போவீங்கல்ல, நைட் ஷிப்ட் முடிச்சி தூங்கறவங்களுக்குத் தொந்தரவாகக் கூடாதுன்னுதான் தள்றீங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன்.”

வண்டி கிக்கர் உடைந்து கிடந்தது. இறக்கத்தில் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது.

“நல்லதுன்னு நெனச்சிக்கினு செஞ்சேன். உங்க ரெண்டு பேரையும் பேச விடாம பண்ணதே நான்தான்னு இப்பதான் தெரியுது. எனக்குத்தான் வெக்கம், உங்களுக்கு இல்ல” என்றார்.

எனக்கும் இருந்தது. என் டைரியைப் புரட்டுவதை அதன்பின் கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தேன். அதில் அப்பா சொன்னதாக நான் எழுதி வைத்திருந்ததில் எது அப்பாவுடையது, எது அண்ணியுடையது என்று எனக்குத் தெரியவில்லை. கஞ்சி போடுவதையும் உடனே நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் நான் எதற்காகப் போட்டேன் என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

பிளாக்கில் விஷயம் பரவியது. “ஏன்டி, படிக்கப் போனதும் மாமனாருக்கும் கொழுந்தனுக்கும் சண்ட மூட்டிவுட்டுட்டியாமே?” என்று எதிர்வீட்டுப் பெண் மதில் மேல் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“நான் மூட்டலக்கா. நடுவுலருந்து எந்திரிச்சிட்டேன்” என்றார் அண்ணி.

படிப்புக்காகக் கம்மாபுரம் பக்கம் சில வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அண்ணனுக்கு ஷிப்ட் இருந்தால் நான் வண்டியில் கூட்டிப்போவேன். ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவரும் கான்ட்ராக்டில் வேலை பார்த்தார்கள். மனைவியிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த ஆள்தான் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார்.

“அதுக்கு இன்னாங்க தெரியும்? என்னைக் கேளுங்க சார்.”

“உங்களுக்குத் தெரிஞ்சத எழுதிட்டேங்க. அவங்களுக்குத் தெரிஞ்சதையும் கேட்டுக்கறேன்” என்றார் அண்ணி. ஒரு நாளில் உங்களுக்கென்று நேரம் எப்போது கிடைக்கும் என்பது கேள்வி. அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். நான் வாசலில் கட்டியிருந்த மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அண்ணி புன்னகையோடு அவரைப் பார்த்துத் தலையாட்டினார். அவரும் மூடிக்கொண்டார். அண்ணி துடைத்து முடிக்கப்போகிற நேரத்தில் அந்தப் பெண் சொன்னாள்.

“வேல வுட்டு வர்றப்போ மைன்ஸ் லாரிங்க போவும். வரிசையா போற வரைக்கும் ரோட்டோரமா நிக்கணும். அப்போங்க.”

“லாரி நெறைய போனா நல்லா இருக்கும்னு நெனப்பேன்” என்று சேர்த்துக்கொண்டு அவளே சிரித்தாள். புருஷன் சிரிக்கவில்லை. காபி போடச் சொல்லி வழக்கமாக அதட்டுகிறவராக இருக்கும். அன்று அவரே எழுந்து உள்ளே போனார்.

திரும்பும்போது அண்ணி இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பாடம் நடத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

அப்பா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதே சமயத்தில் அண்ணனுக்கு வடக்கே ஒரு புது ப்ராஜெக்ட்டுக்கு மாற்றல் வந்தது. அண்ணியும் குழந்தையும் அவனோடு போவார்கள். அண்ணிக்குக் கடைசிப் பரீட்சை மட்டும் பாக்கி. அதை எழுதிவிட்டுப் போவதாக ஏற்பாடு. அப்பா எங்கே இருப்பது என்பதுதான் கேள்வி.

நான் ஆனி மாதத்திலேயே பண்ருட்டியில் ஒரு வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். எனக்கு ஒரு அறை போதும். இரண்டு அறை உள்ள வீடாகப் பார்த்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதனால் மாடி வேண்டாம் என்று தேடினேன். நெய்வேலியை விட்டுத் தள்ளிப் போக அவருக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியும். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள். பண்ருட்டி என்றால் ஒரு பஸ் ஏறி வந்து அவர்களைப் பார்க்கலாம். எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். “என்கூட வந்து இருங்கப்பா” என்பதைத்தான் சொல்ல முடியவில்லை.

“அப்பாவ கொஞ்சம் கேளுங்க அண்ணி” என்றேன்.

“உள்ளதான் இருக்காங்க தம்பி. கேளுங்க.”

போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“பேப்பர் வந்துச்சா?” என்றேன்.

“ம்” என்றார். பேப்பர் அவர் பக்கத்திலேயே கிடந்தது.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. நான் வெளியே வந்ததும் மறுபடி கேட்டது. இன்னொரு நாள் போய் ஃபேனில் சத்தம் வருகிறதே என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பா ஸ்டூலில் ஏறி அதற்கு எண்ணெய் விட்டார். முழங்கால் வலியோடு அவரை ஸ்டூலில் ஏற்றியதுதான் மிச்சம்.

ஆடி முடியும்போது நான் அண்ணியிடம் கெஞ்சினேன். “ஒரே ஒரு தடவை அண்ணி. இது சட்டை சமாசாரம் இல்ல.”

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இந்த முறை கண்ணையும் துடைத்துக்கொண்டார். “அதனாலதான் தம்பி மாட்டேங்கறேன்” என்றார்.

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. படித்துவிட்ட திமிர் என்று நினைத்தேன். ஒரு வாக்கியம். அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. பல வருஷம் இல்லாததையெல்லாம் சொன்னவர், இருப்பதைச் சொல்ல மாட்டேன் என்கிறார். அடுத்த இரண்டு நாள் அண்ணி போட்ட காபியைக் குடிக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். நானாகச் சொல்லட்டும் என்று அவர் ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதற்குள் அண்ணன் பழகியிருந்தான். அண்ணி ராஜினாமா செய்த பிறகு ஆரம்பத்தில் தடுமாறினாலும், அப்பாவிடம் அவனே போய் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டிருந்தான். ஒருநாள் சாப்பிடும்போது சர்வசாதாரணமாக, “எங்ககூட வந்துடுப்பா” என்றான். அப்பா என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் சாதத்தைப் பிசைந்த கை நின்றது. பிறகு, “சரி” என்றார்.

புறப்படும் நாள் காலையில் சாமான் லாரி வந்துவிட்டது. அண்ணன் லாரிக்காரரோடு வெளியே இருந்தான். கூடத்தில் அப்பாவின் இரும்புக் கட்டில் மட்டும் பாக்கி. அப்பா அதில் உட்கார்ந்திருந்தார். அண்ணி கயிற்றோடு உள்ளே வந்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், கயிற்றை வைத்துவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்.

“என்கூட இருந்துடுங்கப்பா” என்றேன். “பண்ருட்டில வீடு பாத்துருக்கேன்.”

“எப்ப பாத்த?”

“ஆனியில.”

அப்பா தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒங்கண்ணன்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்டா. டிக்கெட் எடுத்துட்டான்” என்றார். பிறகு, “நீ கூப்டலன்னதும், தனியா இருக்க ஆசப்படுறபோலன்னு நெனச்சிக்கினேன்” என்றார்.

நான் அண்ணி வைத்துவிட்டுப் போன கயிற்றை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

“கோவமா?”

“இல்லப்பா.”

அப்பா லேசாகச் சிரித்தார். “ஒங்கண்ணி சொல்ற மாதிரியே சொல்ற. நீ சொல்லு.”

அண்ணி மாற்றிச் சொன்னதெல்லாம் அவருக்கும் தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்கவில்லை.

“இருக்கு” என்றேன்.

“என் மேலயா?”

“உங்க மேலயும்.”

“ம்” என்று எழுந்துகொண்டார். “இந்தா, இந்தப் பக்கம் புடி.” கட்டிலைச் சாய்த்து இருவரும் வாசல் வழியாக வெளியே கொண்டுபோனோம்.

அப்பா அண்ணனோடு போய்விட்டார். அங்கே இருந்த காலமெல்லாம் அவரே எனக்குப் போன் செய்வார். வெயில், குளிர், சப்பாத்தி, முழங்கால். அதிகம் பேச மாட்டார். ஆனால் அவரே பேசினார். கடைசிவரை அங்கேயே இருந்தார். பண்ருட்டி வீட்டின் இரண்டாவது அறையில் கொஞ்ச நாள் மூட்டைகள் கிடந்தன. பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது.

அண்ணி பரீட்சையில் தேறினார். அதை அண்ணன்தான் போனில் சொன்னான். “ரொம்ப சந்தோஷம்னு சொல்லுண்ணே” என்றேன். இப்போது அங்கே சின்னக் குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் இருக்கிறாராம். அதுவும் அண்ணன் சொன்னதுதான்.

போன மாதம் அண்ணன் பேசினான். அவனுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது, மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், இங்கே பலா விலை என்ன என்றெல்லாம் பேசிவிட்டு முடிக்கும் நேரத்தில், “அண்ணிய கேட்டதா சொல்லுண்ணே” என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போல. அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, அதே சின்னக் குரல் கேட்டது. “பக்கத்துலதானே இருக்கேன். தம்பியவே கேக்கச் சொல்லுங்க.”

அண்ணன் சிரித்தபடி, “இருடா, அவகிட்ட தரேன்” என்றான். போன் கை மாறும் சத்தம் கேட்டது. வளையல் உரசியது.

வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வாசலில் யாரும் வந்திருக்கவில்லை.